பிரஷர் பார்க்கும் நாளில் ஏறும் பிரஷர்

பைலட் பயிற்சிக்குச் சேர மருத்துவச் சோதனைக்கு இன்னும் நான்கே நாள். சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டில் இப்படி ஒரு நிலை என்று வைத்துக்கொள்வோம். அம்மா உப்பில்லாமல் கஞ்சி வைக்கிறார். பாட்டி, பூண்டைப் பச்சையாக மென்று விழுங்கச் சொல்கிறார். அப்பா தாம் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் ஒன்றை மகனிடம் நீட்டி, “அன்னைக்குக் காலையில இத போட்டுட்டுப் போய்யா” என்கிறார். மகனுக்கோ இரவில் தூக்கமில்லை. நான்காம் நாள் டாக்டர் கையில் பட்டையைக் கட்டியதும் நெஞ்சு படபடக்கிறது. கருவியில் 150-ஐத் தாண்டி எண் நிற்கிறது.

பயிற்சிக் கட்டணம் லட்சக்கணக்கான ரிங்கிட். அதற்காகக் கடன் வாங்கியோ, வீட்டை அடகு வைத்தோ காத்திருக்கும் குடும்பத்திற்கு அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது. இந்தப் பயம் விமானிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஜேபிஜேயில் லாரி, பஸ் லைசென்ஸ் எடுக்க மருத்துவச் சோதனைக்குப் போகும் நம்மவர்கள் பலருக்கும் இது தெரிந்த பயம்தான்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அனைத்துலக விதிப்படி அது பொதுவாக 12 மாதத்திற்குச் செல்லும்; 60 வயதைக் கடந்தவருக்கு 6 மாதம்தான். நம் நாட்டில் இதைக் கவனிப்பது, 2018 பிப்ரவரியில் பழைய விமானப் போக்குவரத்துத் துறைக்குப் பதிலாக வந்த மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். சாதாரண கிளினிக்கில் 140-க்கு 90 என்றாலே ‘பிரஷர்’ என்று எழுதிவிடுவார்கள். விமானிகளுக்கோ ஐரோப்பிய விதியில் எல்லை 160-க்கு 95. அமெரிக்காவில் 155-க்கு 95. அதுவும் ஒரே ஒரு முறை கூடியதற்காக அல்ல, தொடர்ந்து அந்த அளவைத் தாண்டினால்தான் சிக்கல். பயப்படும் அளவுக்குக் கதவு குறுகலானதல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்காக 155 நல்ல அளவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், அதற்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. 1972 ஜூன் 18-ஆம் நாள் லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய டிரைடென்ட் விமானம் சில நிமிடங்களில் ஸ்டெய்ன்ஸ் ஊருக்கு அருகே விழுந்து 118 பேரும் இறந்தார்கள். விமானி ஸ்டான்லி கீயின் இதய இரத்தக் குழாய்கள் மோசமாக அடைபட்டிருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதற்கு முன் எடுத்த இதயப் படங்கள் அதைக் காட்டவில்லை. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரத்திற்கு முன் சக விமானி ஒருவருடன் அவருக்குக் கடுமையான வாக்குவாதம் நடந்திருந்தது. அந்தக் கோபத்தில் ஏறிய இரத்த அழுத்தம் குழாயின் உட்சுவரைக் கிழித்திருக்கலாம் என்ற கருத்தும் விசாரணையில் பேசப்பட்டது. மருத்துவச் சோதனை என்பது விமானியைத் தடுக்கும் தந்திரம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்த விபத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் விடியலுக்கு முன்பே பால்மரம் வெட்டக் கிளம்பினார்கள். மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடந்து, வாளியைச் சுமந்து, உச்சி வெயிலில் வியர்த்துக் கொட்டித் திரும்பியவர்கள் அவர்கள். பழைய சோறு, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், நெத்திலி சம்பால் எல்லாம் அந்த உழைப்புக்கு ஒத்துப்போன சாப்பாடு. லயத்து வீடு போய், தாமான் வீடு வந்துவிட்டது. வேலை நாற்காலிக்கு மாறிவிட்டது. குழம்பு மட்டும் மாறவில்லை. அதற்கு மேல் கிச்சாப், சாஸ், பாக்கெட் மீ, மாமாக் கடைக் கறி என்று புதிய உப்புகளும் சேர்ந்துகொண்டன.

நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுகிறார்கள். ஒரு பாக்கெட் மீயை அதன் மசாலாத் தூளோடு குடித்து முடித்தால், ஒரு நாள் உப்பில் பாதியைத் தாண்டிவிடக்கூடும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர்!

“நான் புரட்டாசி முழுக்க சைவம், எனக்கு எப்படிப் பிரஷர்?” என்று கேட்பவர்கள் உண்டு. விரதச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கடையில் வாங்கும் சைவ ‘இறைச்சி’ எல்லாம் சேர்ந்தால் கருவாட்டைத் தோற்கடிக்கும் உப்பு அதில் இருக்கும்.

நான்கு நாள் பட்டினி பலன் தராது. நல்ல சாப்பாடு பலன் தரும். அமெரிக்காவில் 1997-இல் வெளியான ‘டேஷ்’ ஆய்வில் காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால், தயிர், பருப்பு வகை அதிகமுள்ள உணவைக் கொடுத்தார்கள். உப்பையோ உடல் எடையையோ குறைக்காமலேயே, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. இரண்டே வாரத்தில் மாற்றம் தெரிந்தது. நம் சமையலறைக்கு இது அந்நியமல்ல. முருங்கைக்கீரை, காங்கோங், பாசிப்பயறு, வாழைப்பழம், உப்புப் போடாத மோர் போதும். சோதனைத் தேதி தெரிந்த அன்றே தொடங்கினால் ஒரு மாதம் கையில் இருக்கும். அதன் பிறகும் விடாமல் இருந்தால்தான் அடுத்த ஆண்டுச் சோதனைக்கும் உதவும்.

அப்பா நீட்டிய அந்த மாத்திரைக்கு வருவோம். உண்மையில் ஆபத்து இருப்பது அங்கேதான். அடுத்தவர் மருந்தைப் போட்டுக்கொண்டு போனால் தலைசுற்றி விழவும் கூடும். உண்மை நிலையும் டாக்டருக்குத் தெரியாமல் போகும். மாத்திரை சாப்பிட்டால் விமானம் ஓட்டவே முடியாது என்பது தவறான எண்ணம். இன்று பரவலாகக் கொடுக்கப்படும் பிரஷர் மாத்திரைகளில் பலவற்றை விமான மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது. மருந்து தொடங்கியதும் பக்க விளைவு இல்லை என்று உறுதியாகும் வரை தற்காலிகமாகத் தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மயக்கத்தையும் மனச்சோர்வையும் தரக்கூடிய சில மருந்துகளுக்கு மட்டும் அமெரிக்க விதியில் தடை. அவற்றில் ஒன்று ரெசர்பின். அது நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கப்படுவது. 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேரைப் பற்றி பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாடு அதைத் திரும்பிப் பார்த்தது. ஆகவே நாட்டு மருந்துதானே என்று மறைக்கக் கூடாது. தொண்டைக்கு நல்லதென்று மெல்லும் அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றிவிடும். சளி மாத்திரை, மூட்டுவலி மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான்.

டாக்டரைக் கண்டதும் ஏறி, வீட்டுக்கு வந்ததும் இறங்கும் பிரஷருக்கு மருத்துவத்தில் ‘வெள்ளை அங்கி’ இரத்த அழுத்தம் என்றே பெயர். அந்த டாக்டருக்கும் இது தெரியும். சந்தேகம் வந்தால் மீண்டும் அளப்பார். தேவைப்பட்டால் 24 மணி நேரமும் உடம்பில் மாட்டியிருந்து, தூங்கும்போதும் தானே அளக்கும் கருவியைக் கொடுத்தனுப்புவார். வீட்டில் காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வந்தால் அதுவும் கைகொடுக்கும். வீட்டு அளவில் 135-க்கு 85 எல்லை. கருவி வாங்க வசதியில்லாதவர்கள் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை நாளில் அரை மணி நேரத்திற்கு முன் காப்பி, தே தாரிக், சிகரெட் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். அதுவே பத்துப் புள்ளி ஏற்றிவிடும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சளவு உயரத்தில் மேசைமீது வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்; சின்னப் பட்டை இல்லாத பிரஷரையும் இருப்பதாகக் காட்டும்.