‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’

உங்களுக்கு நாற்பத்தாறு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஒடுகத்தூர். விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறீர்கள். நாள் முழுக்கத் தையல் மெஷின். சாயந்திரம் வீடு திரும்பி, சமைத்து, பாத்திரம் கழுவி, எல்லோரும் படுத்தபிறகு பரண் மேலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவை இறக்குகிறீர்கள். உள்ளே கழிவு விலைக்கு வாங்கிய தோல் துண்டுகள், ஒரு ஊசி, ஒரு கத்தரி. கூடவே கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டிச் செருப்புகள்! வார் வைத்தது, கொக்கி வைத்தது, பூப்போட்டது என்று முப்பது நாற்பது ஜோடி. யாருக்காகவும் இல்லை. விற்கவும் இல்லை. சும்மா பிடிக்கும், அவ்வளவுதான்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் என்ன செய்வீர்கள்? டப்பாவைப் புடவைக்கடியில் தள்ளுவீர்கள்தானே?

ஏனென்றால் போன தடவை பெரிய நாத்தனார் பார்த்துவிட்டார். “இன்னாடி இது, பேத்தி எடுக்கற வயசுல சொப்பு வெச்சி விளையாடறே?” என்று கேட்டு, சிரித்து, வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்த சொந்தக்காரங்களிடமும் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது அன்றைக்கே மறந்து போயிருக்கும். உங்களுக்கு மறக்கவில்லை.

செருப்பு பொம்மை இல்லாவிட்டால் வேறொன்று. கார்ட்டூன் புத்தகம் சேர்க்கிற ஹெட்கிளார்க், மாடியில் தனியாகப் பட்டம் விடுகிற ரிட்டையர்டு வாத்தியார், தீப்பெட்டிப் படம் ஒட்டி வைக்கிற மளிகைக்கடைக்காரர், கலர் பென்சிலால் பொம்மைப் படத்துக்கு வர்ணம் தீட்டுகிற மாமியார்... நம் தெருவில் தேடினால் கிடைக்காமலா போவார்கள்? எல்லோரிடமும் ஒரு டப்பா இருக்கிறது. எல்லோரும் ஒளித்து வைத்திருக்கிறோம்.

இதில் உடல்நலம் எங்கே வந்தது என்கிறீர்களா? கதவு தட்டியபோது நெஞ்சு படபடத்தது பாருங்கள், அங்கேதான் வந்தது. முகம் சூடாகிறது, கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. திருடி அகப்பட்டவனுக்கு வருகிற அதே படபடப்பு. நாள் முழுக்க உழைத்த மனசு இளைப்பாற ஒரு மணி நேரம் ஒதுக்கினீர்கள். அந்த ஒரு மணி நேரமும் காதைக் கதவின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அது ஓய்வா, வேலையா? கெடுதல் செய்வது செருப்பு பொம்மை அல்ல. ஒளிப்பதுதான் கெடுதல் செய்கிறது.

சரி, மற்றவர்கள் நிஜமாகவே அவ்வளவு கவனிக்கிறார்களா? 2000-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி சுவாரசியமானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மாணவர்கள் போடவே கூச்சப்படுகிற மாதிரி, பாரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட ஒரு பனியனை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், “எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்க?” என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள் போட்டுக்கொண்டவர்கள். நிஜத்தில் கவனித்தது அதில் பாதிதான். நாலில் ஒருவர்கூட இல்லை!

‘அது அமெரிக்கா சார். எங்க ஊர்ல ஒரு தும்மல் போட்டா மூணு தெரு தாண்டி விசாரிப்பாங்க’ என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். நம் ஊரில் பேசத்தான் செய்வார்கள். அந்த ஆராய்ச்சியை அப்படியே நம் தெருவுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் பேசுகிறவர்கள் எத்தனை நாள் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த வீட்டுக் கல்யாணம் வருகிறவரைக்கும்தான்.

இன்னொரு வேடிக்கை. நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். கிரிக்கெட் டீம் பொம்மை, கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, பார்க், ரயில், மலை, குளம்... ஐம்பது வயதுப் பெண்மணி தரையில் உட்கார்ந்து மண்ணில் கடுகு தூவிப் பயிர் வளர்த்துப் பார்க் கட்டுகிறார். யாராவது சிரிக்கிறார்களா? சுண்டல் வாங்கிச் சாப்பிட்டு, “பிரமாதம் மாமி” என்கிறார்கள். அதே பொம்மையைச் சித்திரை மாதத்தில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால்? டாக்டரிடம் அழைத்துப் போகலாமா என்று யோசிப்பார்கள்! பொம்மை அதேதான், ஆளும் அதேதான். ஊர் ஒப்புதல்தான் ஒன்பது நாளைக்கு மேல் கிடைப்பதில்லை.

ஒடுகத்தூரை ஒட்டி நிற்கிற ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே படித்த பெரியவர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து வானத்தில் புள்ளி பார்க்கிறார்கள். 1988 பிப்ரவரியில் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அதே வேலையை மலைக்குக் கீழே ஒரு பையன் மொட்டைமாடியில் செய்தால், “பேய் பிடிச்ச மாதிரி மானத்தப் பாத்துக்கினு நிக்கிறான்” என்பார்கள். சம்பளம் வந்தால் வேலை, வராவிட்டால் பைத்தியம். நம் கணக்கு அப்படி.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. பழைய புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று நாம் படித்ததும் கசக்கிப் போடுகிற காகிதங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். நம் வீட்டில் ஒருத்தர் ஊரார் கல்யாணப் பத்திரிகையை எல்லாம் அடுக்கி வைத்தால் நாம் என்ன சொல்வோம்? மனசில் கைவைத்துச் சொல்லுங்கள்! 1992-ல் அவர் காலமானார். சுமார் ஒரு லட்சம் இனங்கள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994-ல் அவர் பெயரில் நூலகமாக்கினார்கள். தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கும் அங்கே போகிறார்கள்.

சண்டிகரின் நேக் சந்த் கதை இன்னும் ஒரு படி மேல். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். உடைந்த வளையல், பீங்கான், ஓடு, கல் எல்லாவற்றையும் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போய், நகரத்தை ஒட்டிய அரசாங்கக் காட்டில் யாருக்கும் தெரியாமல் மனிதர், மிருகப் பொம்மைகள் செய்தார். வேலை போய்விடும் என்ற பயத்திலேயே சுமார் 18 வருடம்! கடைசியில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்துத் தள்ளாமல், 1976-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதுதான் ‘ராக் கார்டன்’. 1984-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவிட்டு எனக்கே ஒரு தயக்கம். ‘பார், பைத்தியக்காரத்தனம் என்றார்கள், பத்மஸ்ரீ வந்தது’ என்று முடித்தால் அது தப்பு. அப்புறம் பரிசு வராத பொழுதுபோக்கெல்லாம் வெட்கக்கேடு என்று ஆகிவிடும். உங்கள் குட்டிச் செருப்புக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. “இவ்ளோ நல்லா இருக்கே, வித்தா நாலு காசு பாக்கலாமே” என்று சிலர் யோசனை சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆர்டர் பிடித்து, கெடு வைத்து, கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு ஷிஃப்ட் ஆகிவிடும், ஜாக்கிரதை.

நன்றாகச் செய்தால்தான் பலன் என்பதும் இல்லை. 2016-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் 39 பேரை உட்கார வைத்து, 45 நிமிடம் களிமண், வர்ணம், வெட்டி ஒட்டுகிற காகிதம் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மனஅழுத்தத்தின்போது சுரக்கிற கார்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. ஏற்கெனவே கை பழகியவரா, புதியவரா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் 2023-ல் வெளியான ஒன்று பெரியது: 16 நாடுகளில் 65 வயதைத் தாண்டிய 93 ஆயிரம் பேருக்கு மேல். பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. சந்தோஷமும் திருப்தியும் கூடுதல். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தான் பொழுதுபோக்கும் வைத்துக்கொள்ள முடிகிறது என்ற வாதமும் உண்டு. இருந்தாலும் ரிட்டையர்டு ஆகி, ஈஸிசேரில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டால், அவர் பட்டம் விடுவதே மேல் என்று தோன்றுகிறதா இல்லையா?

எப்போது கவலைப்படணும்? வட்டிக்கு வாங்கி பொம்மை வாங்கினால். தூக்கமும் வேலையும் கெட்டால். நடக்கவும் படுக்கவும் இடமில்லாமல் வீடு முழுக்கச் சாமான் நிறைந்து, ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னாலே உயிர் போகிற மாதிரி துடித்தால். இதெல்லாம் மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். ஹார்லிக்ஸ் டப்பா அந்தக் கணக்கில் வராது.

நாத்தனார் மறுபடி வருவார். அதற்கு முன் வீட்டுக்காரரிடம் நீங்களே காட்டிவிடுங்கள். “ராத்திரி ஒரு மணி நேரம் இதுதாங்க எனக்கு ஓய்வு” என்று ஒரு வரி போதும். நியாயம் கற்பிக்க வேண்டாம். ‘சும்மாதான், போர் அடிச்சுது’ என்று மழுப்பவும் வேண்டாம். மழுப்புகிற இடத்தில்தான் கேலி உட்காருகிறது. பரணிலிருந்து இறக்கி, ஷோகேஸில் ஒரு தட்டு கேளுங்கள். கொலு பொம்மைக்கு இடம் இருக்கிற வீட்டில் இதற்கு இல்லாமலா?

டப்பாவைப் பார்க்கிறவர் நீங்கள் என்றால், ‘இந்த வயசுல இதெல்லாம்...’ என்று ஆரம்பிக்கும் முன் ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். “இந்தக் கொக்கிய எப்படிம்மா மாட்டினே?” என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அந்த முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஒன்றே ஒன்று. தோல் ஒட்டுவதற்கு ‘சொல்யூஷன்’ உபயோகித்தால் மூடிய அறைக்குள் வேண்டாம். அந்த நெடி தலைவலி, கிறுகிறுப்பு கொண்டுவரும். சில பசைகளில் உள்ள ஹெக்ஸேன் என்ற ரசாயனத்தை நாள்பட மூச்சில் இழுத்தால் கை, கால் நரம்புகளே பாதிக்கப்படும். தீயும் சட்டென்று பற்றும். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டுதானே இத்தனை நாள் செய்தீர்கள்? இன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள்.