மக்கிய குப்பைச் சாறு

கானாடுகாத்தான் வட்டாரத்துச் செம்மண்ணின் குணத்தை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கண்மாய் நீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பிய நிலம். வெயில் மிகுதி, மக்குச்சத்து சொற்பம். இத்தகைய மண்ணுக்கு உயிரூட்டும் என்று கூறிப் பலவிதத் திரவங்கள் இன்று புட்டிகளில் விற்பனையாகின்றன. பணத்தைக் கொடுக்குமுன் விஷயத்தை அறிந்துகொள்வது நலம்.

இவ்வகைத் திரவங்கள் தமிழ்நாட்டாருக்குப் புதியன அல்ல. கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பஞ்சகவ்வியத்தைப் பயிர்களுக்கு உபயோகிக்கும் முறையைப் பரப்பினார். 2013-ஆம் ஆண்டு மறைந்த கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அமிர்தக் கரைசலைக் கற்பித்தார். மேல்நாட்டாரின் குப்பைச் சாறு இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவே. பச்சைச் சாணத்துக்குப் பதில் நன்கு மக்கிய குப்பையை எடுத்துக்கொள்கின்றனர்.

100 லிட்டர் நீருள்ள பீப்பாயில் 5 கிலோ குப்பையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, 250 கிராம் வெல்லம் கரைத்து, காற்றுப் பம்பினால் ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாமல் குமிழியிடச் செய்தால் போதும். குளோரின் கலந்த குழாய் நீர் ஆகாது. நம் பக்கத்து வீடுகளில் முற்றத்துக் கூரையிலிருந்து பிடித்து வைக்கும் மழைநீரே உத்தமம்.

காற்று எதற்கு? நெசவாளர் வீட்டாருக்கு இது எளிதில் விளங்கும். பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி மிஞ்சினால் மறுநாள் புளித்துவிடுகிறதன்றோ? நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகுவதே காரணம். பீப்பாயிலும் அவை பெருகுகின்றன. பெருகப் பெருகப் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்தால் வேறு இனங்கள் தலையெடுக்கும். அழுகல் நாற்றம் எழும். மண்வாசனை வீசும் சாற்றையே பயிருக்கு ஊற்றலாம். அதையும் பம்பை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த புட்டியில் இந்தச் சாறு இதே நிலையில் இருக்க முடியாது என்பது இதிலிருந்தே புலனாகும்.

வெல்லம் மிகுந்தால் பாக்டீரியாவே கொழிக்கும். பூஞ்சணம் வேண்டுவோர் புங்கு, வேம்பு, முந்திரி மரத்தடியில் மக்கிய சருகையும் சுள்ளியையும் குப்பையில் சேர்க்க வேண்டும். வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சணமோ உயிருள்ள வேரில் அன்றி நீரில் பெருகாது. அது பெருகும் என்று கூறி எவரேனும் விற்றால் நம்பற்க.

உரக் கணக்கையும் பார்ப்போம். குப்பையில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கு என்று கொண்டால், 5 கிலோவில் இருப்பது 50 கிராம். ஓர் ஏக்கர் நெல்லுக்குச் சிபாரிசு செய்யப்படுவதோ 50, 60 கிலோ! ஆகவே இச்சாறு பயிருக்கு உணவாகாது; தயிருக்கு இடும் உறை போன்றது. பாலில்லாத சட்டியில் உறை ஊற்றி யாது பயன்? வண்டி வண்டியாகத் தொழுவுரமும் தழையும் இட்ட நிலத்திலேதான் அது வேலை செய்ய இடமுண்டு.

பச்சையாக உண்ணும் காய்கறிகள் மீதும் கீரை மீதும் இதைத் தெளிக்க வேண்டாம் என்றே நாம் சொல்வோம். குப்பை சரிவரச் சூடேறி மக்கியிராவிட்டால், வயிற்றுப்போக்கு விளைக்கும் கிருமிகளும் வெல்லத்தைத் தின்று பெருகிவிடும். வேரடியில் ஊற்றினால் ஆபத்து குறைவு.

நோய் தடுக்கும் என்பதைப் பற்றி ஆராய்ச்சி முடிவுகள் ஒருமுகமாக இல்லை. விரும்புவோர் ஒரே வயலில் பாதிக்கு ஊற்றி, மறுபாதியை வெறும் நீருடன் விட்டுவைத்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம். பீப்பாயையும் குழாயையும் அன்றன்றே தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.