மரப்பொந்துத் தாராக்கள்

தாரா என்றதும் நீர்நிலையே நினைவில் எழும், மரம் எழுவதில்லை. ஆயினும், மரப்பொந்தில் முட்டையிடும் தாராக்களும் உள. வட அமெரிக்காவில் மரத்தாரா எனப் பெயர்பெற்ற பறவை ஈழத்தில் இல்லை. அவ்வியல்புடையனவாய் இங்குப் பரவலாகக் காணப்படுவன சீழ்க்கைத்தாராவும் குள்ளத்தாராவுமாம்.

மாரிகாலத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடனீரேரிகளிலும், 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்திலும், ஊசிவால் தாரா முதலிய வடபுலப் பறவைகள் திரளாக வந்து தங்கும். அக்காலத்தில் நம் நாட்டுத் தாராக்களைப் பிரித்தறிதல் எங்ஙனம்?

சீழ்க்கைத்தாரா செம்பழுப்பு நிறத்தது. ஆணும் பெண்ணும் ஒத்த தோற்றத்தன. பறக்கும்போது கழுத்துத் தாழ்ந்தும், கால்கள் வாலுக்கு அப்பால் நீண்டும் தோன்றும். மாலையிருளில் உருவம் புலப்படாவிடினும், அதன் சீழ்க்கையொலியே அடையாளமாகும். குள்ளத்தாரா உலகத் தாராக்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆணின் முகமும் கழுத்தும் வெண்ணிறம். கழுத்தடியிற் கரிய வளையம் உண்டு. விரித்த சிறகில் வெண்பட்டை தெரியும். பெண் மங்கிய நிறத்தது. அதன் கண்ணூடே கருங்கோடு செல்லும்.

இவ்வேறுபாட்டை அறிதலாற் பயன் யாது? வடபுலத்திற் குஞ்சு பொரிக்கும் விருந்துப் பறவைக்கு இங்கு வேண்டுவன நீரும் இரையுமே. சீழ்க்கைத்தாரா பொந்து கிடையாவிடிற் புதரிலோ பிற பறவைகளின் பழங்கூட்டிலோ முட்டையிடும். குள்ளத்தாராவிற்கோ பொந்துள்ள முதுமரம் வேண்டும். ஆதலின், குளக்கரையிற் பட்டுப்போன மரத்தைத் தறிக்குமுன் அதன் பொந்தை ஒருமுறை நோக்குதல் நன்று. குளம் நிறைந்திருப்பினும், பொந்தில்லையேல் அப்பறவையின் குடி அங்கு நிலையாது.