பேரல் தேஞ்சு போச்சா? மாற்றும் முன் அளந்து பார்!



"மெக்கானிக்கல் படிக்கிறயே கண்ணு, இதை மாத்தணுமா வேண்டாமான்னு சொல்லு பார்க்கலாம்!" என்று பொங்கல் லீவில் என் மாமா கேட்ட கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. 'இது' என்றால் பம்ப்செட் இல்லை, டிராக்டரும் இல்லை. எங்கள் அப்புச்சியின் பழைய வேட்டைத் துப்பாக்கி!

சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் அப்புச்சிக்குத் தோட்டம். பயிரைக் காக்க உரிமம் எடுத்து அந்தக் காலத்தில் வாங்கிய .315 ரைபிள் அது. மேற்கு வங்கத்து இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால், அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் வேறு தோட்டாவுக்காகச் செய்த ரகம். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அப்புச்சிக்கு வயதானதும் உரிமம் மாமா பெயருக்கு மாறியது.

மாமா ரைபிள் கிளப்பில் அட்டையில் சுட்டுப் பார்த்திருக்கிறார். 50 கெஜத்திலேயே குண்டுகள் ஒரு முறம் அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன. "பேரல் போச்சு, புதுசு போட்டுரலாம்" என்றார் மாமா. "பேரலை மாத்திப்போட்டா அப்புறம் அது என்ர துப்பாக்கியா?" என்று அப்புச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்!

பேரல் எங்கே தேயும்?

பேரலுக்குள் திருகு போலச் சுற்றி ஓடும் பள்ளங்களுக்கு ரைஃப்ளிங் என்று பெயர். குண்டைச் சுழல வைத்து நேராகப் போகச் செய்வது இதுதான். அது மூன்று விதமாகக் கெடுகிறது.

ஒன்று, சூடு. தோட்டா உட்காரும் சேம்பரைத் தாண்டி ரைஃப்ளிங் ஆரம்பிக்கிற இடத்தை 'தொண்டை' என்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் 2,000 டிகிரிக்கு மேற்பட்ட வாயு அங்கே மோதுகிறது. நாளடைவில் அந்த இடம் வறண்ட ஏரி மாதிரி வெடித்து அரிக்கப்படும்.

இரண்டு, துரு. பழைய காலத்துத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்ததும் அது உப்பாகப் பேரலுக்குள் தங்கி, காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைப்போம். உப்பு எண்ணெயில் கரையுமா? முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

மூன்றாவது, சுத்தம் செய்யும் கம்பி! முன் வாய் வழியாக இரும்புக் கம்பியை விட்டுத் தேய்த்தால், வாயோரத்து ரைஃப்ளிங் மழுங்கிவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வந்து குண்டைத் தள்ளிவிடும்.

எப்படிக் கண்டுபிடித்தோம்?

கோவையில் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் மாமாவும் நானும் போனோம். அவர் முதலில் பார்த்தது பேரல் தேய்மானத்தை அல்ல, பாதுகாப்பை. பேரலில் வீக்கமோ விரிசலோ உண்டா? போல்ட்டின் முகத்துக்கும் பேரலின் பின்முகத்துக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி சரியா? இதற்கு நம்ம மெட்ராலஜி லேபில் இருப்பது போலவே 'கோ', 'நோ-கோ' கேஜ்கள் உண்டு. 'கோ' வைத்தால் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' வைத்தால் மூடக்கூடாது. நல்லவேளை, எங்களுடையது தேறியது.

அடுத்து, உள்ளே படிந்திருந்த செம்பை மருந்து போட்டு எடுத்தார். செம்புப் படிவைத் தேய்மானம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டாம். பிறகு ஒரு மெத்தென்ற ஈயக் குண்டைப் பின்பக்கமிருந்து கம்பியால் மெல்லத் தள்ளச் சொன்னார். பேரல் நெடுக ஒரே சீராக இறுக்கமாகப் போன குண்டு, முன் வாய்க்கு ஒரு அங்குலம் இருக்கும்போது சட்டென்று தளர்ந்தது. என் கைக்கே தெரிந்தது! வெளியே வந்த ஈயத்தின் மேல் பள்ளங்களின் அச்சு தெளிவாக விழுந்திருந்தது. அதை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். பள்ளங்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் மட்டும் எதிரெதிரே வராது. அப்போது வி-ஆன்வில் மைக்ரோமீட்டர் வேண்டும்.

ஆக, தொண்டை பரவாயில்லை, நடுப்பகுதியில் கொஞ்சம் துருப்புள்ளி, தேய்ந்தது வாய் மட்டுமே.

முடிவு எப்படி?

மெக்கானிக் மாமாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இனிமே இதை வெச்சு என்னங்க பண்ணப்போறீங்க?"

விஷயமே அதுதான் நண்பர்களே! தேய்மானத்தில் இரண்டு வகை. விரிசல், வீக்கம், கூடிப்போன இடைவெளி இவையெல்லாம் ஆளைக் கொல்லும் தேய்மானம். கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு அழுத்தம் என்றால், ரைபிள் சேம்பரில் 40,000 பவுண்டுக்கு மேல் போகும். அங்கே பேச்சுக்கே இடமில்லை, சுடுவதை உடனே நிறுத்த வேண்டும். மற்றது குறி தவற வைக்கும் தேய்மானம். அதை மாற்றலாமா என்பது வேலையைப் பொறுத்தது. போட்டிக்குப் போகிறவர் என்றால் மாற்றத்தான் வேண்டும். பீரோவில் குடும்பச் சொத்தாக இருக்கப்போகிற துப்பாக்கிக்கு எதற்கு? தொழிற்சாலை முத்திரையோடு இருக்கும் அசல் பேரலை இழப்பதுதான் மிச்சம். தேய்ந்த படுகையுள்ள லேத்தைத் தூக்கியா போடுகிறோம்? அதற்கேற்ற வேலையைக் கொடுக்கிறோம் அல்லவா!

வாயை மட்டும் கொஞ்சம் வெட்டிச் சீராக்கலாமே என்று நம்ம ஆட்கள் கேட்பார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பேரலைக் குட்டையாக்கவே தனி உரிமம் வேண்டும். பிறர் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதும் உரிமம் பெற்றவர் வேலை. ஒர்க்‌ஷாப் லேத்தில் யாரும் கைவைத்துவிடாதீர்கள்!

பேரல் மாற்ற வேண்டாம் என்று முடிவானதும் அப்புச்சி முகத்தில் சிரிப்பு. ஆனால் காரணத்தைச் சொல்ல எனக்குத்தான் தயக்கம். வாரம் தவறாமல் முன் வாய் வழியே கம்பி விட்டுத் தேய்த்தவர் அவரேதான்! போல்ட்டைக் கழற்றினால் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்திருக்கலாம். மெல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அம்பது வருசமா நல்லதுன்னு நினைச்சுத்தான் தேச்சேன் கண்ணு" என்றார். பிறகு துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "இனி எப்படித் துடைக்கோணும்னு நீயே காட்டு" என்றார்.

அளந்து பார்க்காத அக்கறையும் தேய்மானம்தான் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை