பாண் மாவில் ஒரு புதிர்

நுவரெலியாவின் பனிக் காலையில் லயத்து அடுப்போரம் மூடி வைத்த அப்ப மாவும், ஹற்றன் பேக்கரியில் பாணுக்குப் பிசைந்த மாவும் பொங்கி எழக் காரணம் மதுவம் என்னும் நுண்ணுயிரே என்பதை நாம் அறிவோம். அந்த அற்ப ஜீவனிடத்தில், 1965ஆம் ஆண்டில் பிரையன் கொக்ஸ் என்னும் விஞ்ஞானி கண்ட விசித்திரமான பரம்பரைக் குணமொன்று, வழக்கமான மரபு விதிகளுக்கு அடங்காமல் நெடுங்காலம் புதிராகவே இருந்து, உருப்பிறழ்ந்த புரதமொன்று தன்னினத்துப் புரதங்களையும் தன்னைப்போலப் பிறழச் செய்வதே அதன் காரணம் என்று 1994இல் றீட் விக்னர் விளக்கிய பின்னரே துலங்கலாயிற்று. இத்தகைய புரதத்துக்குப் பிரியோன் என்பது நாமம்.

சுப்-35 எனப்படும் அப்புரதத்தைக் காண்பது எவ்வாறு? அதன் கூறொன்றை முயலின் உடலிற் செலுத்தினால், இரத்தத்தில் அதனையே நாடிப் பற்றும் பிறபொருளெதிரி உற்பத்தியாகும். மதுவக் கலங்களை உடைத்து அதிவேகமாகச் சுழற்றும்போது, இயல்பான புரதம் பெரும்பாலும் திரவத்தில் கரைந்து நிற்க, பிரியோனாய்த் திரண்டதோ, கோப்பையின் அடியில் தேயிலைத் தூள் தங்குவதுபோலப் படிந்துவிடும். எது எங்கே உள்ளது என்பதற்குச் சாட்சி சொல்வது அந்தப் பிறபொருளெதிரியே.

மாடுகளைப் பீடித்த பைத்தியப் பசு நோயின் மூலமும் பிரியோனே எனினும், மதுவத்தினுடையது வேறொரு புரதமாதலால், பாணை அச்சமின்றி உண்ணலாம்.