மூன்று உயிர் இருக்கும்வரை நிலம் உங்களுக்கு!

குத்தகைப் பத்திரத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? எத்தனை வருஷம், எவ்வளவு பணம், எப்போது கட்ட வேண்டும்... இவ்வளவுதான். ஆனால் டெவன், டார்செட் போன்ற தென்மேற்கு இங்கிலாந்து மாவட்டங்களில் 250, 300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பத்திரங்களைப் பிரித்தால், அவற்றில் மூன்று பேரின் பெயரும் இருக்கும். அந்த மூவரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை வயலும் வீடும் குத்தகைதாரருக்கு. மூன்றாமவரும் கண்ணை மூடிவிட்டால், நிலம் பண்ணையாருக்கே திரும்பிவிடும். 99 வருஷம் அல்லது மூன்று உயிர், இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை என்பதுதான் கணக்கு!

இந்த விசித்திரமான ஏற்பாடு எப்படி வந்தது?

வில்லன் ஆன விவசாயி

இடைக்கால இங்கிலாந்தில் ஒரு கிராமமும் அதைச் சுற்றிய வயல்களும் ஒரு பிரபுவின் ஆளுகையில் இருக்கும். இதற்கு ‘மேனர்’ என்று பெயர். ஏறக்குறைய நம் ஜமீன் மாதிரி. அங்கே நிலம் வைத்திருந்த குடியானவர்களில் பலர், வாரத்தில் சில நாள்கள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. இவர்களைக் குறித்த பெயரிலிருந்துதான், நாம் சினிமாவில் சொல்லும் ‘வில்லன்’ என்ற சொல்லே பிறந்தது.

1348-ல் இங்கிலாந்துக்குள் பிளேக் நுழைந்தது. ஓரிரு ஆண்டுகளில் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாண்டார்கள். நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. இலவச உழைப்பை வற்புறுத்தினால் மிச்சமிருப்பவர்களும் வேறு ஊருக்கு ஓடிவிடும் நிலை. அடுத்து வந்த தலைமுறைகளில் உழைப்புக் கடன் மெல்ல மறைந்து, பணக் குத்தகை வந்தது.

யாருக்கு எந்த நிலம், என்ன நிபந்தனை என்பதை மேனர் நீதிமன்றத்தின் பதிவுச் சுருளில் எழுதினார்கள். அதன் நகல் விவசாயியிடம் தரப்பட்டது. அந்த நகல்தான் அவருக்கு ஆதாரம். ‘காப்பிஹோல்டு’ என்று அந்த உரிமைக்கே பெயர் வந்தது அதனால்தான்.

யார் பெயரை எழுதுவது?

மூன்று உயிர் குத்தகையில், தொடக்கத்திலேயே பெரிய தொகை ஒன்றைப் பண்ணையாருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வருடாந்திரக் குத்தகை மிகக் குறைவு. பத்திரத்தில் பெயருள்ளவர் இறந்தால், தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பண்ணைக்கு ஓட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. மறுபடி ஒரு பணம் கட்டி, புதிய பெயரைச் சேர்க்கலாம். ஆனால், பண்ணையார் சம்மதித்தால்தான்.

யாருடைய பெயரை எழுதுவது என்பது குடும்பத்துக்கே பெரிய யோசனை. கணவன், மனைவி, மூத்த மகன் என்று எழுதலாம். சின்னக் குழந்தைகளின் பெயரை எழுதினால் நீண்ட காலம் கிடைக்கும். ஆனால், குழந்தைகள் அம்மையிலும் காய்ச்சலிலும் கொத்துக்கொத்தாகச் சாகும் காலம் அது. கடைசி உயிர் ஒரு பிள்ளையாக இருந்து, அந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், வீடும் வயலும் சேர்ந்தே ஆட்டம் கண்டன.

பெயருள்ளவர் கப்பலேறிப் போய்விட்டால்? இருக்கிறாரா, இறந்தாரா என்று எப்படித் தெரியும்? இதற்காகவே 1666-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. ஏழு ஆண்டுகள் ஆகியும் அவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று இல்லையென்றால், இறந்ததாகவே கொள்ளப்படும். பின்னால் அவர் உயிரோடு வந்து நின்றால் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம்!

ஹார்டி பார்த்த கண்ணீர்

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1840-ல் பிறந்த டார்செட் குடிசை வீடு, இப்படி உயிர்க்கணக்கில் பெற்ற நிலத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. அதனால் அந்த வலி அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 1887-ல் வெளியான ‘தி உட்லேண்டர்ஸ்’ நாவலில், ஒரு கிழவர் இறந்ததும் அவர் உயிரை நம்பியிருந்த இளைஞனின் வீடுகள் கைவிட்டுப் போகின்றன. ‘டெஸ்’ நாவலிலும் அப்பா கடைசி உயிர். அவர் போனதும் குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவுக்கு வருகிறது.

ஹார்டி எழுதியபோது அந்தக் குத்தகைமுறையே அஸ்தமித்துக்கொண்டிருந்தது. 18-ம் நூற்றாண்டிலிருந்தே பண்ணையார்கள் பலர் புதிய பெயர் சேர்க்க மறுத்து, பழைய உயிர்கள் தீரக் காத்திருந்தார்கள். தீர்ந்ததும் சந்தை விலைக்குக் குத்தகை விட்டார்கள். அதில் நல்லதும் உண்டு. நார்ஃபோக்கில் ஹோல்காம் பண்ணையின் தாமஸ் கோக், 21 வருஷம் வரை குத்தகை தந்து, பயிர்ச் சுழற்சியையும் நிபந்தனையாக்கினார். நாளைக்கும் தன் கையில் இருக்கும் என்று தெரிந்த வயலுக்குத்தானே யாரும் எருவடிப்பார்கள்!

காப்பிஹோல்டு உரிமை 1926 ஜனவரி 1-ல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. 1948-ல் வந்த சட்டம், ஒழுங்காகப் பயிர்செய்து பணம் கட்டும் குத்தகை விவசாயியை அவர் ஆயுள்வரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்தது. 1976-ல் இன்னொரு படி. குத்தகை உரிமை, தகுதியுள்ள நெருங்கிய உறவினருக்கு இரண்டு முறை கைமாறலாம் என்றார்கள். அதாவது, மூன்று தலைமுறை. பழைய மூன்று உயிர்க் கணக்கு வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது! இம்முறை சாவுக்குச் சாவு புதுப்பணமும் இல்லை, மாடும் இல்லை.

அதுவும் நீடிக்கவில்லை. 1984 ஜூலைக்குப் பிறகு போட்ட புதிய குத்தகைகளில் பொதுவாக வாரிசு உரிமை கிடையாது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, காலத்தை இருதரப்பும் பேசி முடிவுசெய்துகொள்ளலாம். அதில் பல, சில ஆண்டுகளுக்கே போடப்படுகின்றன.

இன்றும் இங்கிலாந்தின் விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குத்தகையில்தான் இருக்கிறது. மண்ணை வளமாக்குங்கள், மரம் நடுங்கள் என்று அரசு கேட்கிறது. மரம் நிழல் தரும்வரை இந்த நிலம் என்னிடம் இருக்குமா என்று குத்தகை விவசாயிகள் திருப்பிக் கேட்கிறார்கள்.