களத்தூர்த் தெருக்களும் பதினெட்டாம் பிரிவும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள வ.களத்தூரில் இந்துக்களும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வருகிறார்கள். அவ்வூர்க் கோயில்களின் மூன்று நாள் திருவிழாவில் சுவாமி புறப்பாடு 2011 வரை எல்லாத் தெருக்கள் வழியாகவும் நடந்தது. முஸ்லிம்கள் அதிகம் வசிக்கும் தெருக்களில் ஊர்வலம் வரக்கூடாது என்று 2012இல் எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.வேல்முருகன் அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. பொதுத்தெரு சாதி, மதம் பாராமல் எல்லோருக்கும் உரியது. ஒரு மதத்தார் பெரும்பான்மையாகக் குடியிருப்பதைக் காட்டி மற்றவர்களின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது. அந்த வாதத்தை ஏற்றால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் எடுக்க முடியாமல் போகும் என்றும் அமர்வு சொன்னது.

தீர்ப்பின் உயிர்நாடி இந்தக் கடைசி வாதம்தான். ஒரு தெருவில் அம்மன் புறப்பாட்டைக் காக்கும் அதே விதிதான் இன்னோர் ஊரில் சந்தனக்கூட்டையும், அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் தேர்பவனியையும் காக்கிறது. இந்தச் சட்டம் புதிதும் அல்ல. 1882இல் சேலத்தில் மூண்ட கலவரத்தை ஒட்டி வந்த வழக்கிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. பிறகு, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும், போக்குவரத்துக்கு இடையூறில்லாமல், மாஜிஸ்திரேட்டின் முறையான உத்தரவுகளுக்கு உட்பட்டுப் பொதுத்தெருவில் சமய ஊர்வலம் போகும் உரிமையை உறுதி செய்தது.

சட்டம் தெளிவாக இருந்தாலும் நடைமுறையில் முடிவு பிறக்கும் இடம் பெரும்பாலும் சமாதானக் கூட்டம். திருவிழா நெருங்கும்போது வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ இரு தரப்புப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசுவார். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, தொழுகை நேரத்தில் மேளத்தை நிறுத்துவதா என்றெல்லாம் பேசி முடித்துக் கையெழுத்து வாங்குவார்கள். பேச்சு முறிந்தால் அனுமதி மறுப்பதோ தடையுத்தரவு போடுவதோதான் நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் கலவரம் வரும் என்று மிரட்டுகிறவருக்கே முடிவெடுக்கும் அதிகாரத்தை அது கொடுத்துவிடுகிறது. காவல் துறையின் கடமை முதலில் உரிமையைப் பயன்படுத்துகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது.

சர்வதேசச் சட்டம் சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். 1948 டிசம்பர் 10இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உரியதாக்கியது. மதம் மாறும் உரிமையும் அதில் அடங்கும். 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை அதைச் சட்டக் கடப்பாடாக்கியது. இந்தியா 1979இல் அதில் இணைந்தது. உள்ளத்தில் ஒன்றை நம்புவதையோ நம்பாமல் இருப்பதையோ எந்த அரசும் எந்தக் காரணத்துக்காகவும் தடுக்க முடியாது. நெருக்கடி நிலையிலும் அந்த உரிமை நிற்கும். நம்பிக்கையை வெளியே கடைப்பிடிப்பதற்கு மட்டும் வரம்பு விதிக்கலாம். அதற்கும் சட்டம் இருக்க வேண்டும். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறருடைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றைக் காக்க அந்த வரம்பு தேவைப்பட வேண்டும். பக்கத்துத் தெருக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பது இந்தப் பட்டியலில் இல்லை. கடவுள் மறுப்பும் இதே பாதுகாப்புக்கு உரியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் விளக்கியது.

இந்த வாக்குறுதிகளைக் கண்காணிக்க 1986இல் ஐ.நா. ஒரு சிறப்பு அறிக்கையாளர் பதவியை உருவாக்கியது. அப்பதவியில் இருந்த பாகிஸ்தான் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் 2008 மார்ச்சில் இந்தியா வந்தார். வகுப்புக் கலவரங்களில் பாதிக்கப்பட்டோருக்கு நீதி தாமதமாவதையும், சில மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்களையும் அவருடைய அறிக்கை விமர்சித்தது. தமிழ்நாடு 2002இல் அப்படியொரு சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பின் 2004இல் கைவிட்டிருந்தது. பட்டியல் சாதி அந்தஸ்தை மதத்தோடு பிணைக்கக் கூடாது என்பதும் அவருடைய பரிந்துரை. 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே அந்த அந்தஸ்து உண்டு. அதனால் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு தலித் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். சேரியில் அதே வீடு, அதே ஒதுக்குதல். பட்டியல் சாதிச் சலுகை மட்டும் போய்விடுகிறது. நம்பிக்கைக்கு இப்படி விலை வைப்பதும் மதச் சுதந்திரத்தின் மீறல்தான்.

இத்தகைய மீறலை எங்கே முறையிடுவது? ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆனால் சிறப்பு அறிக்கையாளருக்கு யாரும் எழுதலாம். உள்ளூர் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் அரசிடம் விளக்கம் கேட்டு எழுதுவார். கடிதமும் பதிலும் பின்னர் வெளியிடப்படும். அரசைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. உள்நாட்டில் 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். மீறல் நடந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.